லோதி ரோட்டில் ஒரு விசில்

திங்கட்கிழமை காலை புது தில்லி ஸ்டேஷனில் இறங்கியபோது எனக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. 1981, பிப்ரவரி மாதம். பாளையங்கோட்டையில் தபாலாபீஸ் கவுண்டரில் ஸ்டாம்பு விற்கும் எனக்கு, சர்க்கார் தருகிற பயணச் சலுகையில் இதுதான் முதல் வடநாட்டு யாத்திரை. சென்னையிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி; இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைச்சல். நாக்பூரில் ஐந்து ரூபாய்க்கு ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கி, மத்தியப் பிரதேசம் முழுவதையும் உரித்துத் தின்றுகொண்டே கடந்தேன்.

ஆட்டோக்காரர் பதினைந்து ரூபாய் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தி, 'எவ்வளவு' என்று கேட்கிற 'கித்னா' ஒன்றுதான். மிச்சத்தை விரல்களால் பேசிப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் வண்டி கிளம்பிய பிறகு, இருபது ரூபாய் கொடுத்திருந்தாலும் தகும் என்று தோன்றிவிட்டது. அப்படிப்பட்ட சாலைகள்! நெல்லையப்பர் தேரைப்போல இரண்டு தேரை அக்கம்பக்கமாக இழுத்தாலும் ஓரத்தில் சைக்கிள் போக இடம் இருக்கும். அடுத்த வருஷம் ஆசிய விளையாட்டுகள் நடக்கப்போவதால், இருக்கிற சாலைகளையும் இன்னும் அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டே சரோஜினி நகர் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸில் இருப்பவள் வசந்தா, என் சித்தி மகள். ஏழு வயதில் அம்மை வார்த்து அவளுக்குக் கண் போய்விட்டது. இப்போது லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். கணவர் ராமநாதனுக்கு ராமகிருஷ்ணபுரத்தில் குமாஸ்தா வேலை. காலையில் அவர் ஒரு திசை, இவள் ஒரு திசை.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போதே ராமநாதன் என்னிடம் முறையிட்டார். "மதினி, நீங்களாவது இவகிட்ட சொல்லுங்க. இவகூட வேலை பாக்குற குல்தீப்புக்கும் கண்ணு தெரியாது. போன மாசம் ரோட்டைக் கடக்கையில ஸ்கூட்டர் இடிச்சு, கால் உடைஞ்சு கிடக்கான். இவளுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்? இவங்க குடுத்த மனுவுக்காக ரோட்டைப் பாக்க வியாழக்கிழமை போலீஸ் அதிகாரி வாராரு. அவரு முடியாதுன்னுட்டா இவ வேலையை விட்டுரணும்."

"முடியும்னுட்டா?" என்றாள் வசந்தா.

"அப்பம் போ. நான் வாயே திறக்க மாட்டேன்."

"அச்சா. அக்கா சாட்சி."

என்னைக் கேட்காமலே சாட்சியாக்கிவிட்டாள். சின்ன வயசிலிருந்தே அவள் சுபாவம் அது.

செவ்வாய்க்கிழமை அவளோடு நானும் பஸ்ஸில் போனேன். டிக்கெட் நாற்பது பைசா, நிற்கத்தான் இடம். தில்லி பஸ்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை, வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகும். ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளவேண்டும், கோட்டுப் போட்ட அதிகாரிகள்கூட ஓடுகிறார்கள். இறங்கியதும் அவள் கையைப் பற்றப் போனேன்.

"கையைப் பிடிச்சு இழுக்காதியக்கா. நான் உங்க முழங்கையைப் பிடிச்சுக்கிடுதேன். நீங்க திரும்பினா எனக்குத் தானா தெரியும்."

அவள் அலுவலகம் எதிர்ப்பக்கம். நாற்சந்தி நடுவில் ஒரு மேடை, அதில் வெள்ளைக் கையுறை போட்ட போக்குவரத்துக் கான்ஸ்டபிள். அவர் கையைத் தூக்கினால் அத்தனை வண்டியும் நிற்கிறது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"கைக்குச் சத்தம் கிடையாதேக்கா," என்றாள் வசந்தா. "அவர் தூக்கினது எனக்கு எப்படித் தெரியும்? பஸ் நிக்கிறது கேக்கும். சைக்கிளும், இன்ஜினை அணைச்சுட்டு உருண்டு வார ஸ்கூட்டரும் கேக்காது. குல்தீப் அப்படித்தான் மாட்டினான். வண்டியை நிறுத்துறப்போ ரெண்டு தடவை நீளமா விசில் ஊதட்டும். வேற ஒண்ணும் கேக்கலை. ஆறு மாசமா ஆபீஸ்ல கண்ணு தெரியாத நாங்க நாலு பேரும் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்குதோம்."

கான்ஸ்டபிளின் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. விதி மீறுகிறவர்களைக் கண்டிக்க மட்டும் அதை ஊதுவார். வசந்தா போய்க் கேட்டாளாம். ஹரியானாக்காரர், நல்ல மனுஷன். "ஆர்டர் இல்லாமல் ஊதினால் என் வேலை போய்விடும், பஹன்ஜி" என்று கைகூப்பினாராம்.

புதன்கிழமை குதுப்மினார் பார்த்தேன். அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. எண்ணூறு வருஷத்துக் கல்வேலை அது, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இருந்தாலும் மனசு அங்கே நிலைகொள்ளவில்லை, வியாழக்கிழமையையே நினைத்துக்கொண்டிருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அலுவலக வாசல் பக்கம் வசந்தாவும் அவள் தோழர்கள் இரண்டு பேரும் வெள்ளைக் கோலோடு நின்றார்கள். நானும் ராமநாதனும் சற்றுத் தள்ளி நின்றோம். அவர் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அதிகாரி ஆங்கிலத்தில் மரியாதையாகத்தான் பேசினார். வசந்தா சாலையோரமாக நின்று விளக்க ஆரம்பித்தாள். இரண்டு வாக்கியம் முடிந்திருக்காது. ஒரு சர்தார்ஜி ஸ்கூட்டரை ஓரங்கட்டி ஓடிவந்தார். "ஆவோ பேட்டி!" என்று மகளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து, அவள் "நஹி, நஹி" என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார். பிறகு பரம திருப்தியோடு திரும்பி வந்து ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார்.

அதிகாரி முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தீர்களா? தில்லிக்காரர்களுக்குப் பெரிய மனசு. இத்தனை கைகள் இருக்கும்போது விசில் எதற்கு?" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஒரு காலை வைத்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறு மாத அலைச்சலை ஒரு நல்ல மனிதரின் உதவி இரண்டே நிமிஷத்தில் கெடுத்துவிட்டது. ராமநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு புண்ணியவான் கிடைத்துவிட்டார். கையில் டிபன் டப்பா, தலையில் மப்ளர். அவர் வசந்தாவின் கோல் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டே சாலையில் இறங்கினார். பாதி தூரம் வந்திருப்பார்கள். ஒரு பஸ் மெதுவாக ஊர்ந்து வந்தது. "மேரி பஸ்!" என்று தன் பஸ்ஸைக் கண்டு ஒரு கூச்சல். கோலைத் தொப்பென்று போட்டுவிட்டு மனிதர் ஓடினார், தொற்றினார், போயே போய்விட்டார்.

நடு லோதி ரோட்டில் வசந்தா தனியாக நின்றாள். கையில் கோல் இல்லை. நகர முடியாமல், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாள். ஒரு லாரி அவள் முந்தானை பறக்கும்படி உரசிப் போனது. ராமநாதன் "வசந்தா!" என்று கத்திக்கொண்டு ஓடப் போனார், குறுக்கே வந்த டாக்சி விடவில்லை.

அப்போதுதான் அந்த விசில் கேட்டது. நீளமாக ஒன்று, பிறகு இன்னொன்று.

மேடையில் கான்ஸ்டபிள் இரண்டு கைகளையும் விரித்து, கன்னம் உப்ப ஊதிக்கொண்டிருந்தார். பஸ், லாரி, டாக்சி, குதிரை பூட்டிய டாங்கா எல்லாம் நின்றன. பால்காரர் சைக்கிளிலிருந்து காலை ஊன்றினார். அவ்வளவு அகலச் சாலை கோயில் நடை சாத்தியதுபோல அடங்கிவிட்டது. குதுப்மினாரின் அடியில் நின்றபோதுகூட எனக்கு உடம்பு அப்படிச் சிலிர்க்கவில்லை. வசந்தா விசில் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். மேடை எங்கே என்று தெரிந்துவிட்டது. அது தெரிந்ததும் தான் நிற்கிற இடமும் தெரிந்துவிட்டது. பிறகு கோல் இல்லாமலே, நேராக, எங்களை நோக்கி நடந்து வந்தாள்.

அதிகாரியின் ஒரு கால் இன்னும் ஜீப்பிலேயே இருந்தது.

"சார், நான் அந்தப் பக்கம் போகவே நினைக்கவில்லை," என்றாள் வசந்தா ஆங்கிலத்தில். "உங்களோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை."

அதிகாரி ஜீப்பிலிருந்து காலை எடுத்துக் கீழே வைத்தார். பிறகு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். ஆர்டர் இல்லாமல் ஊதிவிட்ட அந்த மனிதர் வெளிறிப்போய் வந்து சல்யூட் அடித்தார்.

"இனி ஒவ்வொரு தடவை நிறுத்தும்போதும் அப்படியே ஊது," என்றார் அதிகாரி.

வெள்ளிக்கிழமை காலை அதே இடத்தில் விசில் கேட்டதும் வசந்தா என் முழங்கையை விட்டுவிட்டுத் தனியாகப் போனாள். நான் இந்தப் பக்கமே நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ராமநாதனும் வந்திருந்தார். சொன்னபடி வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி, புதன்கிழமை ஊர் வந்து சேர்ந்தேன். பாளை மார்க்கெட் முக்கில் எங்கள் ஊர்ப் போலீஸ்காரர் சத்தமில்லாமல் கையைத் தூக்கினார். இரண்டு பஸ்ஸும் ஒரு மாட்டு வண்டியும் நின்றன. எத்தனையோ வருஷமாகக் கடக்கிற சாலை. அன்றைக்கு என்னால் கடக்க முடியவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனேன்.

"வண்டியை நிப்பாட்டும்போது விசில் ஊதுனா என்ன?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதுக்கு? உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு?"

"எனக்கு இருக்கு," என்றேன். "அதான் வந்து கேக்கேன்."