சேணத்துக்கு அடியில் ஊசி

குதிரை நடனமாடும் என்றால் நம்புவீர்களா? நான் நம்பவில்லை. தேயிலை எஸ்டேட்டில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு, பெர்ன்ஹில்லில் ஒரு வெள்ளைக்காரர் நடத்திய குதிரைப் பள்ளிக்கு நானும் மனைவியும் போனோம். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். பேண்டு வாத்தியம் முழங்கியதும் வெள்ளைக் குதிரை ஒன்று தாளம் தப்பாமல் கால் தூக்கி வைத்தது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு மட்டும் சந்தேகம். சேணத்துக்கு அடியில் ஊசி வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் வாயில்லா ஜீவன் இப்படி அடங்குமா?

ஆட்டம் முடிந்ததும், குதிரையை வேலிக்கு வெளியே பிடித்து வந்த குதிரைக்காரரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படாமல் சேணத்தைக் கழற்றி, முதுகைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஒரு தழும்புகூட இல்லை.

"பழக்கும்போது அடி உண்டுங்க. இப்பத் தேவையில்லீங்க. சத்தம் கேட்டாக் காலு தானா எந்திரிக்கும்."

"பொய் சொல்றான்" என்று மனைவியிடம் முணுமுணுத்தபடியே திரும்பி நடந்தேன். வழியில் மழை பிடித்தது. ஒரே குடைக்குள் இருவரும் ஒண்டிக்கொண்டோம். அப்போது பின்னால் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. எங்கள் எஸ்டேட்டில் துரை குதிரையில் வந்தால் கூலிக்காரர்கள் குடை பிடிக்கக் கூடாது. சட்டென்று குடையை மடக்கி, பாதையை விட்டு இறங்கி, தலைகுனிந்து நின்றேன்.

வந்தது அதே குதிரைக்காரர். குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார்.

"தொரை வரலீங்க, குடையை விரிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நனைந்துகொண்டே மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்களுக்கு ஊசிய எங்க வெச்சிருக்காங்க?"

இன்றுவரை தடவித் தடவிப் பார்க்கிறேன். கைக்கு அகப்படவில்லை.