மண்ணிறக் கோட்டு

அப்பா கனடாவுக்கு வந்து சேர்வதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே அவருடைய கோட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் தெரிவு செய்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

நாட்டில் நடந்த சண்டை காரணமாக நானும் அம்மாவும் முதலில் புறப்பட்டு, ஸ்காபரோவில் இருந்த மாமாவிடம் வந்துவிட்டோம். மாமா அம்மாவின் தம்பி. அப்பாவின் விசாக் கடதாசிகள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்து முடிய ஐந்து வருடம் எடுத்தது. அவ்வளவு காலமும் எனக்கு அப்பா என்றால் ஒரு படம்தான். தான் எழுத்து வேலை பார்த்த அரசாங்க அலுவலகமான யாழ்ப்பாணக் கச்சேரியின் வாசலில், அம்மா மினுக்கிக் கொடுத்த வெள்ளைச் சேர்ட்டோடு, பையில் பேனையோடு நிற்பார். அம்மா அந்தப் படத்தைத் துடைத்துத் துடைத்து வைப்பார். எனக்கு அந்த அப்பாவில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

நான் ஏங்கியது வேறு அப்பாவுக்கு. எங்கள் கட்டடத்தில் பின்னேரம் ஐந்தரை மணியானால் பிள்ளைகள் எல்லாரும் கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் கூடிவிடுவோம். வேலை முடிந்து அப்பாமார் ஒவ்வொருவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். எல்லார் உடம்பிலும் தடித்த மண்ணிறக் கோட்டு, தோளில் பனி, கையில் வெறும் சாப்பாட்டுப் பெட்டி. பிள்ளைகள் ஓடிப்போய் அந்தக் கோட்டுக்குள் முகத்தைப் புதைப்பார்கள். எனக்கு வர ஒருவரும் இல்லாவிட்டாலும் நானும் தினமும் அங்கே நிற்பேன். ஒருநாள் நாலாம் மாடி அங்கிள் என்னைக் கடந்து போனபோது, அவருக்குத் தெரியாமல் அவருடைய கோட்டுக் கையைத் தொட்டுப் பார்த்தேன். அது சில்லென்று இருந்தது. அன்றிரவு முழுவதும் எனக்கு அழுகை வந்துகொண்டே இருந்தது.

அதனால்தான் அப்பாவுக்கு விசா கிடைத்துவிட்டது, கோட்டு எடுக்க வேண்டும் என்று மாமா சொன்னதும் நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் போனேன். மாமா வந்து ஏழு குளிர்காலம் ஆகியிருந்தது. குளிரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அதை அவர்தான் கண்டுபிடித்தவர் போலப் பேசுவார். கடையில் ஒரு கோட்டைக் கழற்றி அடுத்ததைப் போட்டு, குனிந்து, கையைத் தூக்கி, எங்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"அக்கா, குனிஞ்சால் முதுகு தெரியக்கூடாது. சிப்புக்கு மேல மடிப்பு இருக்கவேணும், இல்லாட்டி காத்துப் பூரும். கையுறையோட சிப்பை இழுக்கேலுமோ எண்டு பாருங்கோ. உள்ளுக்கு ரெண்டு சுவெற்றர் போடுறளவுக்கு ஒரு அளவு கூட எடுக்கவேணும்."

அம்மாவுக்கு இது ஒன்றும் காதில் ஏறவில்லை. அவர் வேறொரு கோட்டுக்கு முன்னால் நின்றார். கறுப்புக் கம்பளிக் கோட்டு. முழங்கால் வரை நீளம், மெல்லிய கழுத்துப் பட்டி. அதன் தோளில் கையை வைத்தபடியே நின்றார்.

"அவருக்கு இது வடிவா இருக்கும்," என்றார்.

"வடிவுதான். ஆனால் அத்தான் உதைப் போட்டுக்கொண்டு ட்ரக்கிலை பெட்டி ஏத்தேலுமோ? நான் பேசி வைச்சிருக்கிறது திறந்த வாசலிலை நிக்கிற வேலையக்கா. அரை மணித்தியாலம் தாங்காது."

"அவர் ஒருநாளும் உப்பிடி உடுத்தினதில்லையடா," என்று அம்மா மண்ணிறக் கோட்டைக் காட்டினார்.

இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் அதற்கிடையில் மண்ணிறக் கோட்டின் பைக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தேன். உள்ளே மெத்தை வைத்துத் தைத்திருந்தது.

"அம்மா, உதுதான் வேணும். எங்கட பில்டிங்கிலை எல்லா அப்பாமாருக்கும் உதுதான்!"

அம்மா கறுப்புக் கோட்டிலிருந்து கையை எடுத்தார். "சரி, எடு," என்று மாமாவிடம் சொன்னார். நான் வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். இரண்டு கிழமையும் இரவில் அந்தக் கோட்டைப் போர்த்துக்கொண்டுதான் படுத்தேன்.

அந்த நாட்களில் ஊரிலிருந்து வருபவர்களைக் கூட்டிவர விமான நிலையத்துக்குப் போகும்போது கையில் ஒரு கோட்டும் கொண்டு போவது எங்கள் ஆட்களின் வழக்கம். வந்திறங்கியவருக்கு அதைப் போட்டுவிட்டு அங்கேயே ஒரு படம் எடுப்பார்கள். அந்தப் படம் ஊருக்குப் போகும், பத்து வீடு சுற்றும். ஆகையால் படத்துக்கென்று யாரிடமாவது நல்ல கோட்டு இரவல் வாங்குவதும் உண்டு. அப்பா வந்த அன்றைக்கு மாமா தன் கலியாணவீட்டுக் கோட்டை, கறுப்புத்தான், கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். மண்ணிறக் கோட்டு காரிலேயே இருக்கட்டும், அதை ஆறுதலாகக் காட்டலாம் என்று அம்மா சொன்னார். எனக்கு அது விளங்கவில்லை. கட்டிப்பிடித்தபடி காரை விட்டு இறங்கினேன்.

"சரி, கையிலை வைச்சிரு. குடுத்துப்போடாதை," என்றார் அம்மா.

அப்பா வந்தால் ஓடிப்போய்க் கட்டிப்பிடிப்பது என்று ஐந்து வருடமாக நினைத்திருந்தேன். கதவு திறந்தது. மெல்லிய வெள்ளைச் சேர்ட்டோடு, நரைத்த காதோரத்தோடு, ஒரு மனிதர் வந்தார். அம்மா அசையாமல் நின்றார். அந்த மனிதர் என் முன்னால் குந்தி என் பெயரைச் சொன்னார். எனக்கு வெட்கமும் பயமும் வந்துவிட்டன. கட்டிப்பிடிக்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கையில் இருந்த கோட்டை அவரிடம் நீட்டினேன்.

அவர் எழுந்து அதைப் போட்டார். "நல்ல பாரமா இருக்கு," என்றார். "ஆர் எடுத்தது?"

"நான்தான்."

மாமா கமராவோடு அவசரமாகக் குறுக்கே வந்தார். "அத்தான், உதைக் கழட்டுங்கோ. படத்துக்கு மற்றதைப் போடுவம்."

அம்மா கடதாசிப் பையிலிருந்து எடுத்துப் பிடித்திருந்த கறுப்புக் கோட்டை அப்பா பார்த்தார். பிறகு தன் பைக்குள் கையை விட்டார். உள்ளே மாமா முன்கூட்டியே வைத்திருந்த வேலைக் கையுறைகள் இருந்தன, உள்ளங்கையில் தடித்த தோல் வைத்தவை. ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கையுறையைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

"வேண்டாம்," என்றார். "இது என்ரை பிள்ளை எடுத்தது. இதோடையே எடும்."

அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் அம்மா முகத்தை ஒருபக்கம் திருப்பியிருக்கிறார். சொல்வழி கேட்காததற்கு என்னோடு கோபம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

திரும்பி வரும்போது காரின் பின்சீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் அப்பா இருந்தார். வெளியே வெயில் பட்ட பனி கண்ணைக் கூசவைத்தது. கொஞ்சத் தூரம் போனதும் எனக்குத் துணிவு வந்து, மெல்ல என் கையை அவருடைய கோட்டுப் பைக்குள் விட்டேன். உள்ளே அவருடைய கை இருந்தது. அது என் கையைப் பிடித்துக்கொண்டது.

மெத்தென்ற கை. எங்கள் கட்டடத்தில் எந்த அப்பாவுக்கும் அப்படிக் கை கிடையாது. நாலாம் மாடி அங்கிளின் கை மரம்போல இருக்கும், விரல் எல்லாம் வெடித்திருக்கும். எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது. பரவாயில்லை, நாளையிலிருந்து வேலைக்குப் போகத்தானே போகிறார், கொஞ்ச நாளில் அப்பாவின் கையும் அப்படி ஆகிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.