‘வித்’ நடத்திய மூன்று வருஷம்

பள்ளிக்கூடம் வருஷக்கணக்கில் முயன்று கைகழுவிய ஆளை மூன்றே மாதத்தில் கரையேற்றிக் காட்டுகிறேன் என்று போர்டு மாட்டிக்கொள்ளும் தொழிலுக்கு டுடோரியல் என்று பெயர். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில், ஒரு வேர்க்கடலை மண்டியின் மாடியில் மூன்று வருஷம் நான் அந்தப் பாவத்தைச் செய்துகொண்டிருந்தேன். பி.ஏ. முடித்துவிட்டு வேறு வழியில்லாமல் இங்கிலீஷ் நடத்தப் போன ஜீவன்கள் உங்களில் இருந்தால் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். நம் வலி மற்றவர்களுக்குப் புரியாது.

எனக்கு ஒதுக்கிய பாடம் கிராமர். அதில் என் உயிரை வாங்கியது ‘வித்’ என்ற ஒரு சின்னச் சொல். அப்பாவோடு வந்தேன் என்றாலும் வித், கத்தியால் நறுக்கினேன் என்றாலும் வித், மீசை வைத்த ஆள் என்றாலும் வித், காய்ச்சலில் நடுங்கினான் என்றாலும் வித். ஊரையெல்லாம் வளைத்துப் போட்ட வெள்ளைக்காரன் சொற்களில் மட்டும் ஏன் இத்தனை கஞ்சத்தனம் பிடித்தான் என்று தெரியவில்லை.

நாலில் ஒன்று

ஏழுமலை கீழ்பென்னாத்தூர்க்காரர். என்னைவிட மூத்தவர், கல்யாணமானவர், என் மீசையைப் போல் இரண்டு மடங்கு மீசை. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷ் மட்டும் பாக்கி. மாமனாருக்குத் தெரிந்த ஒரு பஸ் முதலாளி அவருக்குக் கண்டக்டர் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். அக்டோபர் பரீட்சையில் பாஸ் என்றால் பை தோளில் ஏறும், இல்லையென்றால் வேலை வேறு ஆளுக்குப் போகும். டுடோரியலில் சேர்ந்த அன்றே இதை என்னிடம் சொல்லி, பாதிப் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டார்.

‘வித்’தின் நாலு உபயோகங்களையும் போர்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொல்லித் தொண்டை வறண்டுபோய், “ஏதாவது சந்தேகம் உண்டா?” என்று கேட்டேன். ஏழுமலை மரியாதையாக எழுந்து நின்றார்.

“நாலும் நல்லாதான் இருக்குது சார். இதுல பரீட்சைக்கு வர்றது எதுன்னு சொல்லிட்டீங்கன்னா, மத்த மூணையும் நீங்களே வச்சிக்கலாம்.”

டீக்கடையில் பாடம்

மண்டிக்குப் பக்கத்து டீக்கடையில், பள்ளிக்கூடப் பக்கமே ஒதுங்காதவர்கள்கூட, “ஒரு வித்தவுட்” என்று அதிகாரமாகக் கேட்டுச் சர்க்கரை இல்லாத காபி குடித்தார்கள். எனக்குள் இருந்த வாத்தியார் துள்ளினார். வித்தவுட் தெரிந்த ஊருக்கு வித் தெரியாமலா போகும்? ஏழுமலையையும் இன்னும் சிலரையும் அழைத்துக்கொண்டு போய், எல்லோர் காதிலும் விழும்படி, “மாஸ்டர், ஒரு காபி, வித் சுகர்!” என்றேன்.

கடையில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“சக்கரைய நாங்க கேக்காமயே போடுவோம் சார். வேணாங்கறவங்களுக்குத்தான் இங்கிலீஷு.”

செங்கம் ரோட்டுத் துரை

பேசிப் பழகினால் பயம் போகும் என்று எந்தப் புண்ணியவானோ எழுதிவைத்ததை நம்பி, ஏழுமலையைச் செங்கம் ரோட்டுக்கு அனுப்பினேன். அங்கே ஒரு வாடகை அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் தினமும் மலை சுற்றுவார். அவரோடு நடந்துகொண்டே பேசுங்கள், எடுத்ததற்கெல்லாம் வித் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன்.

ஏழுமலை சொன்ன சொல் தவறாதவர். மலையை முழுதாகச் சுற்றி, அடி அண்ணாமலையில் அவருக்கு இளநீர்கூட வாங்கிக் கொடுத்து, வழி நெடுகப் பேசியிருக்கிறார். துரை சிரித்துச் சிரித்துத் தலையாட்டினாராம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. துரை அந்த மாதம் முழுவதும் மௌன விரதம் என்பதை அறை வாடகைக்கு விட்டவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதை ஏழுமலையிடம் சொன்னபோது அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

“இருக்கட்டும் சார். நான் அவ்ளோ பேசுனதுல ஒரு தப்புகூட அவரு சொல்லலியே!”

சிவப்புச் சாக்பீஸ்

எங்கள் பிரின்சிபால்தான் கீழே இருந்த மண்டிக்கும் முதலாளி. பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது சிவப்புச் சாக்பீஸோடு மாடியேறி வருவார். போன பரீட்சையில் கேட்டது இந்தப் பரீட்சையில் வராது என்பது அவருடைய கல்விக் கொள்கை. கேட்டதையெல்லாம் போர்டில் எழுதி ஒவ்வொன்றாகக் கோடு போட்டு அடிப்பார். பிள்ளைகளும் கைடில் அடித்துக்கொள்வார்கள். அடிக்க அடிக்க அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வரும். பாரம் கம்மியாகிறதே!

அந்த முறை ‘வித்’தையும் அடித்தார். மார்ச்சில் வந்துவிட்டதாம். “சார், இது இல்லாமல் நாலு வரி சேர்ந்தாற்போல் எழுத முடியாது. ஏழுமலைக்கு வேலையே இதில்தான் இருக்கிறது” என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஒருவாட்டி கேட்டத மறுபடியும் கேக்க அவங்க என்ன மறதிக்காரங்களா?”

தம்பி வரவில்லை

அவர்கள் மறதிக்காரர்கள்தான். பரீட்சை ஹாலுக்கு வெளியே காத்திருந்து கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். கோடிட்ட இடங்களில் வித் இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஏழுமலை இரண்டையும் தொடவில்லை. மார்ச்சில் வந்ததைத் தெரியாமல் திரும்ப அச்சடித்துவிட்டார்கள், கண்டுபிடித்தால் அவர்களே மார்க் போட்டுவிடுவார்கள் என்று நம்பினார்.

அதோடு விட்டாரா? இன்னொரு கேள்வியில், ஊரிலிருக்கும் சிநேகிதனுக்குத் தம்பியோடு கார்த்திகைத் தீபத்துக்கு வருவதாகக் கடிதம் எழுத வேண்டும். அடித்துவிட்ட ‘வித்’தைப் போட்டால் மார்க் குறையுமோ என்று பயந்து, தனியாக வருகிறேன் என்று எழுதிவிட்டு வந்திருந்தார். கேட்டதே தம்பியைப் பற்றித்தானே என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

“தம்பிய வீட்லயே வுட்டுட்டேன் சார். எதுக்கு வம்பு?”

நம்பர்

ரிசல்ட் வந்த பேப்பரில் அவர் நம்பர் இல்லை. இரண்டு நாள் கழித்து அவர் மாடியேறி வந்தபோது எனக்கு நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. வந்தது அந்த முதலாளியின் பஸ்ஸில்தான். அவருக்கென்று வைத்திருந்த பையை மாட்டிக்கொண்டு வேறொரு பையன் அவருக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்திருக்கிறான். “நல்ல பையன் சார், சில்லறை கரெக்டா குடுத்தான்” என்று அவர் சொன்னதும் எனக்குப் பிரின்சிபாலைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் ஆத்திரம் வந்தது.

அவரோ அடுத்த மார்ச்சுக்கு இப்போதே தயாராக, அக்டோபர் கேள்விகளைப் போர்டில் எழுதி, மும்முரமாக அடித்துக்கொண்டிருந்தார். ஏழுமலை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கைடைத் திறந்து அவரோடு சேர்ந்து அடித்தார். முடித்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஆறுதல் சொன்னார்.

“வுடுங்க சார். மார்ச்ல வந்தது கொஞ்சம் அடிச்சாச்சு, இப்ப அக்டோபர்ல வந்தது கொஞ்சம் அடிச்சாச்சு. இன்னும் ரெண்டுவாட்டி எழுதுனா இங்கிலீஷே தீந்துடும்.”

வெள்ளைக்காரனைக் கப்பலேற்றியவர்கள் அவன் மொழியை மட்டும் இங்கேயே விட்டுவைத்தது, மிச்சத்தை எங்கள் டுடோரியல் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில்தான் என்று இன்றுவரை நினைக்கிறேன்.