தானா உட்கார்ந்த களிமண் பொம்மை

இன்னைக்குதான் என் மொத ஸ்டாப் மோஷன் படம். களிமண் பொம்மையைத் துளி நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி இன்னொரு போட்டோ. வரிசையா ஓட்டினா பொம்மை நடக்கும்.

ஸ்டாண்டுல மாட்டின போன் தானாவே போட்டோ எடுத்துக்கினு இருந்துச்சு. அதை நிறுத்த மறந்துட்டு கள்ளக்குறிச்சி கடைத்தெருவுக்குப் போயிட்டேன்.

திரும்பி வந்தா பொம்மை விழுந்து கிடந்துச்சு. சரின்னு படத்தை ஓட்டினேன்.

நடந்துக்கினு இருந்த பொம்மை தானா உட்கார்ந்துச்சு. அப்புறம் காலை நீட்டிப் படுத்துச்சு!

ஒவ்வொரு போட்டோவா தள்ளிப் பார்த்தேன்.

ஒரே ஒரு போட்டோவுல மட்டும் ஒரு வளையல் கை. என் மாமியாரோடது.

"அத்த, இன்னா பண்ணீங்க?"

"காலைலருந்து நின்னுக்கினே கீது, பாவம். கால் வலிக்காதா? அதான் படுக்க வெச்சேன்."

கல்யாணமாகி வந்ததுலருந்து நானும் அடுப்படியில நின்னுக்கினுதான் இருக்கேன். என்னை யாரும் உட்காருன்னு சொல்லல.

உங்க வூட்டுல எப்படிங்க?