பச்சைக் கட்டம்

வத்தல்மலைக்கும் பென்னாகரத்துக்கும் சேர்த்து எங்கள் அமைப்பிடம் இருந்தது ஒரே மருத்துவ ஜீப். மலையில் ஐந்து பெண் பணியாளர்கள், ஊருக்கு ஒருவர். கர்ப்பிணிகளை வாரம் ஒருமுறை வீட்டில் போய்ப் பார்ப்பது அவர்கள் வேலை. ஜீப் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தர்மபுரியில் உட்கார்ந்து முடிவெடுப்பது என் வேலை.

முன்பு எல்லாம் போனில்தான். பாதி கத்தல், பாதி கரகரப்பு. அலுத்துப்போய்த்தான் அந்தப் பட்டியலைக் கொண்டுவந்தேன். எல்லார் போனிலும் ஒரே பட்டியல், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஒரு கட்டம். பார்த்தாயிற்று, நலம் என்றால் பச்சை. ஆபத்து என்றால் சிவப்பு. திங்கள் மாலைக்குள் நிரப்பாதவர்களிடம் காரணத்தை வாட்ஸப் குழுவில், எல்லார் முன்னாலும் கேட்பேன். மரியாதையாகத்தான் கேட்பேன். அதுவே போதுமானதாக இருந்தது.

மலையில் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு கொண்டையூசி வளைவில். ஆகவே ஐவரில் மூத்தவர், நாற்பத்தைந்து வயதுக்காரர், ஐந்து போன்களையும் பையில் போட்டுக்கொண்டு திங்கள் மதியம் அங்கே வந்து எல்லாருக்குமாகப் பச்சை போட்டுவிடுவார். வீடுகளுக்குப் போவதோ செவ்வாய், புதன். எப்படியும் போகத்தானே போகிறோம் என்பது அவர்கள் கணக்கு.

எனக்குத் தெரியும். ஜீப் டிரைவர் ஒருநாள் சொன்னார்: “அக்கா வளைவுல செல்போன் கடையே தொறந்துட்டுது சார். போணி எப்பிடின்னு கேட்டேன், மொறைக்குது.” சிரித்தேன். பட்டியல் பச்சையாக இருந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது.

பிறகு மழை வந்தது. அந்த வாரம் யாரும் எந்த வீட்டுக்கும் போகவில்லை. மூத்தவரின் ஊரில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி, முதல் பிள்ளையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள். அவள் கட்டமும் பச்சை. புதன் காலை அதைப் பார்த்துவிட்டு ஜீப்பைப் பென்னாகரம் பக்கம் அனுப்பினேன். வியாழன் விடிந்ததும் அவளுக்கு வலிப்பு. காய்கறி வண்டியில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தார்கள். அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரி நடையில், ஈரப்புடவையோடு நின்றிருந்தார் மூத்தவர்.

“செவ்வாக்கெழமயே கால் வீங்கிருக்குதுன்னு அவ மாமியா சொல்லி அனுப்புச்சுங்க சார். மழயில வளைவு வரைக்கும் நடந்து வந்தேன்.”

“வந்து?”

“போன கையில வச்சிக்கிட்டே நின்னேன். செவப்பு போட்டா, நேத்து பச்ச போட்டது யாருன்னு குரூப்ல கேப்பீங்க. அஞ்சு பேரும் மாட்டிக்குவோம்.”

“எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

“பண்ணா, பட்டியல்ல போடுங்கன்னுதான சார் சொல்லுவீங்க.”

அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மேலிடம் அறிக்கை கேட்டது. களப்பணியாளர் தவறான பதிவு செய்தார் என்று எழுதினேன். பொய்யில்லை. நான் சிரித்ததை எழுதவில்லை. குழுவில் கேட்ட கேள்விகளை எழுதவில்லை. அவர் வேலை போயிற்று. குழுவிலிருந்து நீக்கிய விரல் என்னுடையது.

அவர் ஊருக்குப் புது ஆள் கிடைக்காததால், அடுத்த புதன் நானே போனேன். அவள் சுவரில் சாய்ந்திருந்தாள். பால் கட்டிய மார்பில் ஈரத்துணி. என்னைத் தாண்டி வாசலையே பார்த்தாள்.

“அக்கா வரலீங்களா சார்? அதுகிட்டதான் நான் எதையும் சொல்லுவேன்.”

இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றினேன். “பேசாம இரும்மா,” என்றேன், “அளவு தப்பா வரும்.”