கலங்கரை விளக்கத்தின் ஒற்றைக் கதவு

என் சாப்பாட்டுப் பையில், புளியோதரைத் தூக்குக்கு அடியில், ஒரு அரைச் செங்கல் இருக்கிறது. ஒரு மூலை உடைந்து, மேலெல்லாம் அலுமினியப் பொடி படிந்து சாம்பல் பூத்துப்போன செங்கல். இன்று காலை திருத்தங்கலில் வேனில் ஏறும்போது பையை வாங்கி உள்ளே வைத்த டிரைவர், "என்னக்கா, கல்லு கில்லு வச்சிருக்கீகளா?" என்று சிரித்தார். ஆமாம் என்றேன். அவர் நம்பவில்லை. விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பும் இல்லை. சீசன் முடிந்த உடம்பு அப்படித்தான், வாயைத் திறக்கக்கூட யோசிக்கும்.

ஊருக்கெல்லாம் தீபாவளி கொண்டாட்டம் என்றால் எங்களுக்கு அது வேலை ஓய்கிற நாள். மறுபடி பூஜை போட்டுப் பட்டாசுக் கம்பெனி திறக்கும்வரை கொஞ்ச நாள் சும்மா கிடப்போம். அந்த இடைவெளியில் ஒரு நாள், எங்கள் வரிசை அறைகளில் வேலை பார்க்கிற பெண்கள் கூட்டாக வேன் பிடித்துக் கடல் பார்க்கப் போவது வழக்கம். போகிற ஊருக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. எங்களுக்கு அது ஹார்பர். பெரிய கப்பல் வருகிற இடமில்லை. சில விசைப்படகுகளும் கொஞ்சம் வள்ளங்களும் கட்டிக் கிடக்கிற சின்ன ஊர். எங்களைப் போன்றவர்களுக்குத் தோதான ஊர். சோறு வீட்டிலிருந்து வந்துவிடும். மீன் ஏலம் விடுவதை எவ்வளவு நேரமும் வேடிக்கை பார்க்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். வெயில் ஏறினால் மாதா கோவிலில் ஃபேனுக்கு அடியில் உட்காரலாம். சாயங்காலம் கால் நனைத்துவிட்டு, கருவாடு வாங்கிக்கொண்டு, அந்த வாடையோடு தூங்கி வழிந்து வீடு சேரலாம். "கடலுக்கு ஏது புள்ள டிக்கெட்டு" என்பார் மதினி. டிக்கெட் வாங்கிப் பார்க்கவேண்டிய ஒரே இடம் கலங்கரை விளக்கம்தான். அதுவும் ஒரு டீ குடிக்கிற காசு.

மதினி என்றால் என் அண்ணன் மனைவி இல்லை. ஆமத்தூர்க்காரர், எங்கள் அறையில் மூத்தவர். கணக்குப்பிள்ளை முதல் லோடு ஏற்ற வருகிறவர் வரை எல்லோருக்கும் அவர் மதினிதான். வெடிமருந்து புழங்குகிற அறைக்கு எதிரெதிரே கதவுகள் உண்டு. காலையில் திரியைக் கையில் எடுக்குமுன் மதினி ஒவ்வொரு கதவையும் முழுக்கத் திறந்து, காற்றில் சாத்திக்கொள்ளாதபடி அடியில் அரைச் செங்கல் வைப்பார். இரும்பு ஆகாது, உரசினால் பொறி பறக்கும். பிறகு ஆளுக்கொரு கதவைக் கை காட்டுவார். "இது ஒனக்கு, அது எனக்கு. சத்தம் கேட்டா நீ என்னையப் பாக்காத, நான் ஒன்னையப் பாக்க மாட்டேன். ஓடிரணும்." முதல் நாள் இதைக் கேட்டபோது, என்ன மனுசி இவள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சீசன் அவசரத்துக்கு ஒரு கதவை மறித்துப் பெட்டி அடுக்கியிருந்தார்களாம். மருந்து வெடித்தபோது அவர் வெளியே வந்துவிட்டார். அவருடைய தங்கை வரவில்லை.

அதிலிருந்து மதினிக்கு எங்கே போனாலும் முதலில் கண் தேடுவது வாசலைத்தான். வேனில் கதவோரம், கோவிலில் பக்கவாசலை ஒட்டிய கடைசி இடம். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அப்படித்தான் உட்காருவார். "மொய் எழுதாம ஓட வசதியா உக்காந்திருக்காக" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார், ஆனால் இடம் மாற மாட்டார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கடலைப் பார்க்கவேண்டும் என்று ஓர் ஆசை. சின்னப் பிள்ளையின் ஆசை மாதிரி, வெட்கப்பட்டுக்கொண்டே சொல்வார். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு ஒரே கதவு. உள்ளே போனால் சுற்றிச் சுற்றி ஏறுகிற ஒடுங்கின படி, இறங்குவதற்கும் அதே படி. மதினி வாசல்வரை வந்து, உள்ளே அண்ணாந்து பார்த்து, முகம் வெளிறித் திரும்பிவிடுவார். எதிரே பூவரச மரத்தடியில் எங்கள் பைகளுக்குக் காவல் இருப்பார். இறங்கி வருகிற ஒவ்வொருத்தியிடமும், "எம்புட்டு தூரம் தெரியுது? போட்டெல்லாம் எம்புட்டுச் சிறுசா இருக்கு?" என்று கேட்பார். நீங்களும் வாங்களேன் மதினி என்றால், "அடுத்த வருசம் ஏறுதேன்" என்பார். வருடா வருடம் அதே பதில்தான்.

ஒரு வருடம் அந்தப் பதில் வரவில்லை. மதினிக்கு இருமல் முற்றி, இனி மருந்து வேலைக்கே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மரத்தடியில் உட்காராமல் நேரே கதவுக்கு வந்து, சாப்பாட்டுப் பையிலிருந்து அந்தச் செங்கலை எடுத்தார். அறையிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். கதவை அகலத் திறந்து அடியில் வைத்தார். காவலாளி ஓடி வந்தார்.

"இங்கன கல்லு வைக்கக் கூடாதும்மா. கடக்காத்து அடிச்சா கல்லோட சேந்து கதவு பேந்துரும். நீங்க ஏறுங்க, நான் சாத்திக்கிடுதேன்."

சாத்துவது என்ற வார்த்தையைக் கேட்டதும் மதினி குனிந்து கல்லை எடுத்துக்கொண்டார். அடைமழைக் காலத்துக் காற்று, கதவு தானாகவே படார் படார் என்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி நடந்துவிடுவார் என்று தெரிந்தது. நான் போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"அண்ணாச்சி, கல்லு வேண்டாம். நான் நிக்கேன். நீங்க போங்க மதினி."

"எம்புட்டு நேரம் நிப்ப?"

"நீங்க எறங்குத வரைக்கும்."

"சத்தம் கேட்டா?"

"கேட்டாலும் நிப்பேன்."

கல்லை என் கையில் கொடுத்தார். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறினார். இருமல் சத்தம் மேலே மேலே போய் ஓய்ந்தது. காற்று கதவோடு என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. ஆனாலும் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பட்டதில்லை. இறங்கி வந்தவர் நின்று மூச்சு வாங்கினார். அப்புறம் என் கன்னத்தைத் தொட்டுச் சொன்னார்: "மேல போயிட்டா சுத்தியும் வாசல்தான் புள்ள."

அதற்குப் பிறகு அவர் ஹார்பருக்கு வரவில்லை. விருதுநகர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கண்ணை மூடிக்கொண்டே, "கதவு தெறந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். செங்கலை எடுத்துப்போய்க் கதவடியில் வைத்தேன். நர்ஸம்மா, அவர் ஆமத்தூர்ப் பக்கத்துப் பெண்தான், ஆள் இடறும் என்று எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். நான் கதவில் சாய்ந்து நின்றுகொண்டேன். மதினி கண் திறந்து பார்த்துவிட்டு, "கல்லு எதுக்கு, நீதான் நிக்கியே" என்றார். இரண்டு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்கும் அதே காற்று. எங்கள் பெண்கள் கூச்சலும் சிரிப்புமாக ஏறிப் போனார்கள். இத்தனை வருடத்தில் நான் அந்த உச்சிக்கு ஏறினதே மதினி ஏறின வருடத்துக்கு முன்னால்தான். அதற்கப்புறம் எனக்கும் அந்தப் படியைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது; எப்படி ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. காவலாளி புதியவர், ஒன்றும் சொல்லவில்லை. செங்கலை எடுத்துக் கதவடியில் வைத்தேன். சில படி ஏறினேன். கீழே கதவு முனகுகிற சத்தம் கேட்டது. கல் நகர்கிறது. நின்றேன். மதினிக்கு நிற்க நான் இருந்தேன், எனக்கு நிற்க மதினி இல்லை. இறங்கி வந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டேன்.

மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எட்டிப் பார்த்துக் கத்தினாள். "மதினி, ஏறி வாங்க, கடல் எம்புட்டு தூரம் தெரியுது பாருங்க."

இப்போது அவர்களுக்கு மதினி நான்தான். செங்கலைக் குனிந்து எடுத்து, மண்ணைத் தட்டிப் பையில் போட்டேன்.

"அடுத்த வருசம் ஏறுதேன் புள்ள" என்றேன்.