காப்பகத்தின் நாற்பத்தெட்டாவது பெயர்

என் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் தலைக்கேறும். நகர ரயில் ஓட்டுகிறாள். வண்டி அரை நிமிடம் தாமதமானால் அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அவள் வீட்டுக்காரருக்கும் அதே வேலைதான். இருவருக்கும் கை நிறையச் சம்பளம், மூன்று அறை வீடு. மூன்றாவது அறைக்கு இளமஞ்சள் பெயின்ட் அடித்து, உள்ளே இஸ்திரி மேஜையைப் போட்டு வைத்திருக்கிறாள்.

அது குழந்தைக்கான அறை. குழந்தைதான் இல்லை. ஆசைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. யார் வீட்டுக் குழந்தையானாலும் தூக்கிக் கொஞ்சாமல் நகரமாட்டாள். ஆனால் இருவருக்கும் விடிகாலையிலேயே வேலை; நாலரைக்குத் திறக்கிற குழந்தைகள் காப்பகம் ஊரில் ஒன்றே ஒன்று.

"முதல்ல அங்க இடம் கிடைக்கட்டும்க்கா, அப்புறம் பெத்துக்கறேன்."

"பெத்துப் போடுடி, நான் பாத்துக்கறேன்."

"நீயே வேலைக்கு ஓடற. எப்போ பாத்துப்ப?"

முப்பத்தைந்து வயதில் விண்ணப்பம் போட்டாள். குழந்தையின் பெயர் கேட்ட இடத்தில் 'பிறகு' என்று எழுதினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து, போன வாரம் கடிதம் வந்தது. இடம் இருக்கிறது, முப்பது நாளுக்குள் குழந்தையோடு வரவும்.

சண்டை போடுவதற்கென்றே நானும் கூடப் போனேன். உள்ளே பன்னிரண்டு தொட்டில். அதில் ஏழு காலி, விரிப்பு மடிப்புக் கலையாமல் கிடந்தது.

"இத்தனை காலியா வச்சுக்கிட்டு எதுக்குங்க நாலு வருஷம் இழுத்தடிச்சீங்க?" என்று பொறுப்பாளரிடம் எகிறினேன்.

"ஒரு நேரத்துல ஒருத்தரைத்தான் கூப்பிடலாம், அதுதான் விதி. முப்பது நாள் பாக்கணும். வரலைன்னாதான் அடுத்தவங்க. இவங்களுக்கு முன்னாடி நாப்பத்தேழு பேர்."

"அவங்க ஏன் வரலை?"

அந்த அம்மாள் பதிவேட்டைத் திருப்பி, குழந்தையின் பெயர் இருக்கும் பத்தியில் விரலை வைத்தார். பிறகு. பிறகு. பிறகு. பக்கம் முழுக்க, விதவிதமான கையெழுத்தில், அதே சொல். திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது.

"அடுத்தவங்களைக் கூப்பிடட்டுமா?" என்று அவர் என் தங்கையிடம் மெதுவாகக் கேட்டார்.

"கூப்பிடுங்க. ஏழு தொட்டில் காலின்னு முதல்ல சொல்லுங்க" என்றாள். "எனக்கு யாரும் சொல்லலை. முப்பத்தொன்பது ஆயிடுச்சு."